எஸ்பிஎம்முக்குப் பிறகு எந்த வழி? பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வெளியாகும் வாரத்தில் பிறை, பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விகள்தாம் சுற்றிச் சுற்றி வரும். வார இறுதியில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவும் எங்களிடமும் அவற்றைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம். தேதிகளும் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் துறையின் அதிகாரபூர்வ அகப்பக்கத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இந்தியப் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா? எல்லாம் கோட்டா என்கிறார்களே?

கிடைக்கும். ஆனால் எல்லா வாசலும் ஒரே அகலத்தில் திறந்திருக்கிறது என்று சொன்னால் அது பொய்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் முன்பு பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரர்களும் மற்றப் பூர்வகுடியினரும்) 55, மற்றவர்களுக்கு 45 என்ற இன விகிதம் இருந்தது. 2002ல் அதை எடுத்துவிட்டு 'மெரிட்' முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போது யூபியூ என்ற பொது விண்ணப்ப முறை வழியாகப் போகும் விண்ணப்பத்தில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். நாட்டில் 20 அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றில் யுஐடிஎம் பூமிபுத்ராக்களுக்கு உரியது, அதை விட்டுவிடுங்கள். மற்றவற்றுக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம்.

கோட்டா இன்னும் பளிச்சென்று தெரியும் இடம், பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் மெட்ரிகுலேஷன். அங்கே பூமிபுத்ராவுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற விகிதம் இருக்கிறது. 2019ல் மொத்த இடங்களை 25,000லிருந்து 40,000 ஆகக் கூட்டினார்கள், விகிதத்தைத் தொடவில்லை. 2024 ஜூன் கடைசியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்பிஎம்மில் 10ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அறிவித்தார். மறு ஆண்டே ஏ மைனஸ் கணக்கில் சேருமா என்று பெரிய வாக்குவாதம் கிளம்பியது. எனவே '10ஏ' என்றால் அந்த ஆண்டு எதைச் சொல்கிறார்கள் என்பதைக் கல்வி அமைச்சின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இருந்துவிடாதீர்கள்.

எங்கள் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். கோட்டா ஒரு தடைதான், அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் தொடர்ந்து பேச வேண்டும். ஆனால் எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலரைத் தடுத்தது கோட்டா அல்ல. படிவம் 4ல் எடுக்காமல் விட்ட ஒரு பாடம், தவறவிட்ட ஒரு தேதி, நிரப்பாமல் விட்ட ஆறு கட்டங்கள், இப்படித்தான் இருந்திருக்கிறது. இவற்றைச் சரிசெய்ய நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

மெட்ரிகுலேஷனா, படிவம் 6ஆ? எது நல்லது?

மெட்ரிகுலேஷன் பொதுவாக ஓராண்டு. தங்கும் விடுதி உண்டு, மாதந்தோறும் சிறு உதவித்தொகையும் தருகிறார்கள். பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி கெப்பாலா பத்தாஸில் இருக்கிறது. ஆனால் பிள்ளையை எந்த மாநிலக் கல்லூரிக்கு அனுப்புவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்கான விண்ணப்பம் தனி, யூபியூவோடு சேராது. இரண்டையும் போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டையும் போட்டாயிற்று என்று நினைத்திருக்கும் குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

படிவம் 6 என்றால் எஸ்டிபிஎம் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கான படிப்பு. ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. ஒவ்வொரு தவணையிலும் தேர்வு. 'எஸ்டிபிஎம் ரொம்பக் கஷ்டம்' என்ற பயம் பழைய காலத்திலிருந்து வருகிறது. 2012லிருந்து தவணை முறை வந்த பிறகு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டிய நிலை இல்லை. ஒரு தவணையில் சறுக்கினால் அந்தத் தாளைத் திரும்ப எழுதவும் வாய்ப்பு உண்டு. கலைப் பிரிவில் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். வீட்டிலிருந்தே போய் வரலாம், செலவும் குறைவு. இந்த வழி எந்த இனத்துக்கும் திறந்தே இருக்கிறது. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்றதும் ஒரு லட்சம் ரிங்கிட் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடுவதற்கு முன், படிவம் 6ஐப் பற்றி ஒரு வாரமாவது யோசியுங்கள்.

இரண்டு வழியிலும் மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதியாக வேண்டும். அதைக் கடைசி நேரத்துக்குத் தள்ள வேண்டாம்.

4.00 வாங்கியும் கேட்ட பாடம் கிடைக்கவில்லை என்று செய்தியில் வந்ததே?

2025ல் வந்த செய்தி அது. எஸ்டிபிஎம்மில் 4.00 எடுத்த மாணவர் ஒருவருக்கு அவர் கேட்ட கணக்கியல் துறை கிடைக்கவில்லை, வேறொரு துறை கொடுத்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. பேசியதும் நியாயமே. அவ்வளவு மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு ஏன் இடமில்லை என்பதற்குத் தெளிவான பதில் சொல்ல வேண்டிய கடமை அமைச்சுக்கு உண்டு. மதிப்பெண் ஒன்றாக இருக்கும்போது யாரை, எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வெளியில் தெரியாதவரை இந்தச் சந்தேகம் ஓயாது.

அந்தச் செய்தியில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருந்தது. யூபியூவில் 12 தெரிவுகள் வரை நிரப்பலாம். அந்த மாணவர் நிரப்பியது ஆறு, ஆறும் கணக்கியல். பிடித்ததை மட்டும் கேட்பது பிள்ளையின் உரிமைதான். ஆனால் அதே துறையில் போட்டி குறைவாக உள்ள பல்கலைக்கழகங்களையும், அதை ஒட்டிய நிதி, பொருளியல், தணிக்கை போன்ற துறைகளையும் கீழே சேர்த்தால் வலை அகலமாகும்.

நாங்கள் உட்கார்ந்து நிரப்பும்போது இப்படிச் செய்கிறோம். முதல் மூன்று நான்கு இடங்கள் பிள்ளையின் ஆசைக்கு. நடுவில் உள்ளவை மெரிட் மதிப்பெண்ணுக்குப் பொருந்துகிறவை. ஒவ்வொரு துறைக்கும் முந்தைய ஆண்டின் சராசரி மெரிட் யூபியூ பக்கத்திலேயே இருக்கும். கடைசி இரண்டு மூன்று, 'இது கிடைத்தாலும் போவேன்' என்று பிள்ளை மனதாரச் சொல்கிறவை. போகவே மாட்டேன் என்கிற துறையைக் கட்டத்தை நிரப்புவதற்காகப் போடக் கூடாது. கிடைத்துவிட்டால் தலைவலி.

கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அது சில நாட்களே திறந்திருக்கும், அதுவும் இணையம் வழிதான். முடிவு வந்த அன்று குடும்பமே சோகத்தில் உட்கார்ந்திருப்பது புரிகிறது. அழுது முடித்துவிட்டு அன்றிரவே மேல்முறையீட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சில அரசுப் பல்கலைக்கழகங்களில் யூபியூவுக்கு வெளியே 'திறந்த வழி' என்று ஒன்று இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்கு சாத்து என்று பெயர். கட்டணம் பல மடங்கு. வசதி உள்ளவர்கள் போகட்டும். ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்தில் பணத்துக்கு ஒரு வாசல், மதிப்பெண்ணுக்கு ஒரு வாசல் என்று இருப்பது எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மகள் இப்போதுதான் படிவம் 3. இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

இந்தப் பக்கத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் படித்துவிடுங்கள்.

ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வை 2021லும், படிவம் 3ல் எழுதிய பிடி3 தேர்வை 2022லும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் பலருக்கு எஸ்பிஎம்தான் முதல் பொதுத்தேர்வு. பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்குத் தெரிய வரும்போது பள்ளிக்கூடமே முடிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், 2020லிருந்து படிவம் 4ல் 'சயின்ஸ் கிளாஸ், ஆர்ட்ஸ் கிளாஸ்' என்ற பழைய பிரிவும் இல்லை. பள்ளிகள் பாடத் தொகுப்புகளைக் கொடுத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. சுதந்திரம் என்ற பெயரில் பொறுப்பு பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டது.

என்ன நடக்கிறது என்றால், படிவம் 3 கடைசியில் ஒரு தாள் வீட்டுக்கு வரும். மலாயில் எழுதியிருக்கும். எட்டு மணி ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். கூட்டாளி எந்தத் தொகுப்போ அந்தத் தொகுப்பில் பிள்ளை டிக் செய்திருக்கும். அதில் ஆட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) இருக்காது. கெமிஸ்ட்ரி இருக்காது. இரண்டு வருஷம் கழித்து அதே பிள்ளை 'நான் ஃபார்மசி படிக்கணும்' என்று வந்து நிற்கும்போது, எவ்வளவு நல்ல மதிப்பெண் இருந்தாலும் விண்ணப்பத்தில் அந்தத் துறையின் பெயரே திறக்காது. யாரும் அந்தப் பிள்ளையை நிராகரிக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன்பே தன் பெயரைத் தானே எடுத்துவிட்டது, தெரியாமல்.

அதனால் படிவம் 3 முடிவதற்குள் ஆலோசக ஆசிரியரை நேரில் பாருங்கள். 'இந்தத் தொகுப்பு எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போக முடியாது?' என்று கேளுங்கள். எதற்குப் போகலாம் என்று கேட்டால் நீண்ட பட்டியல் வரும். எதற்குப் போக முடியாது என்று கேட்டால்தான் உண்மை தெரியும். பள்ளியில் அந்தத் தொகுப்புக்கு ஆள் பத்தவில்லை, ஆசிரியர் இல்லை என்றால் வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்கலாம். சங்கடப்பட வேண்டாம்.

எல்லாரும் ஆட் மேத்ஸ் எடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்வது வேறு, தெரியாமல் விட்டுவிடுவது வேறு.

தமிழ்ப்பள்ளியில் படித்தால் பல்கலைக்கழகத்துக்குப் பின்னடைவா?

இல்லை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கே படித்து மருத்துவரானவர்களும் பொறியியலாளரானவர்களும் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய் வேகம் பிடிக்கச் சில பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்கும், சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுப் போவார்கள். அதற்கு ஆறாம் ஆண்டிலேயே மலாய் வாசிப்பைக் கூட்டினால் போதும்.

எஸ்பிஎம்மில் தமிழை விட்டுவிடாதீர்கள். 10ஏ என்ற எல்லையைத் தொட முதலில் பத்துப் பாடம் எடுத்திருக்க வேண்டும். தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நிறைகிறது. தமிழாசிரியர் பயிற்சிக்கும் தமிழ் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956லிருந்து இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, அங்கே போக நினைப்பவர்களுக்கும் அது பயன்படும்.

மலாயில் கிரெடிட் வரவில்லை. எல்லாம் போச்சா?

போகவில்லை, ஆனால் உடனே எழுந்திருக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மலாயில் கிரெடிட்டும் (வெறும் தேர்ச்சிக்கு மேலான நிலை), எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சியும் தேவை. எஸ்பிஎம் ஊலாங்கான் என்ற மறுதேர்வில் மலாயையும் வரலாற்றையும் திரும்ப எழுதலாம். பதிவுக்குக் கொஞ்ச நாள்தான் தருவார்கள்.

புறப்பாடம் உண்மையிலேயே முக்கியமா?

பத்து விழுக்காடு. இரண்டு பிள்ளைகள் ஒரே மதிப்பெண்ணில் நிற்கும்போது இந்தப் பத்துதான் பிரிக்கிறது. சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வையுங்கள், தேவாரப் போட்டி, சிலம்பம், சாரணர், கோயில் தொண்டு எதுவானாலும் சரி. பள்ளிக்குத் தெரியாமல் வெளியே செய்தது புள்ளியில் சேராமல் போகலாம். எனவே வெளிப் போட்டி என்றாலும் பள்ளியில் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

பணம்தான் பிரச்சினை. எங்கே போய்க் கேட்பது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் தாங்குகிறது. குடும்பங்களை நசுக்குவது நான்காண்டுக் கட்டணம் அல்ல, முதல் மாதம். பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், பினாங்கு சென்ட்ரலிலிருந்து பஸ், லேப்டாப், தலையணை, வாளி எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும். கல்விக் கடனோ அதற்குப் பல வாரம் கழித்துத்தான் கணக்கில் ஏறும். இந்த இடைவெளியில் சேராமலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு. இதற்கென்றே கல்விக் கடன் தரும் பிடிபிடிஎன், பி40 எனும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 ரிங்கிட் வரை முன்பணம் தருகிறது. தானாக வராது, தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

பிடிபிடிஎன் 1997ல் தொடங்கிய தேசிய உயர்கல்வி நிதிக் கழகம். அது தருவது கடன், தானம் இல்லை. ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா எனும் சேவைக் கட்டணம், படிப்பு முடிந்த பிறகு திரும்பச் செலுத்த வேண்டும். விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு ஒன்று வேண்டும். அதை இப்போதே திறந்துவிடுங்கள், சிறு தொகை போதும். தனியார் கல்லூரி என்றால் அந்தக் குறிப்பிட்ட படிப்பு எம்கியூஏ என்ற தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் பெற்றிருந்தால்தான் கடன் கிடைக்கும்.

பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்விக்கூடம் செல்லும் இந்திய மாணவர்களுக்குக் கல்வி நிதியுதவி வழங்குகிறது. அறிவிப்பு நாளிதழ்களிலும் வாரியத்தின் முகநூலிலும் வரும். அறிவியல், தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு 2015லிருந்து பினாங்கு எதிர்கால அறவாரியத்தின் உபகாரச் சம்பளம் இருக்கிறது. அதற்கு இனம் ஒரு பொருட்டல்ல, ஆனால் போட்டி கடுமை. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா வழியாகவும் பி40 இந்திய மாணவர்களுக்கு உதவி வருகிறது. ஓர் ஆண்டு பணமாக வரும், இன்னோர் ஆண்டு வேறு வடிவில் வரும், அறிவிப்பு வரும்வரை நம்பி இருக்க முடியாது. ம.இ.கா 1984ல் தொடங்கிய எம்ஐஇடி கல்விக் கடன் கொடுக்கிறது. பிடோங்கில் உள்ள ஏம்ஸ்ட் பல்கலைக்கழகமும் அவர்களுடையதுதான். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பினாங்கு ஸக்காத் அலுவலகத்தில் உயர்கல்வி உதவி கேட்கலாம். ஜார்ஜ்டவுனில் இது தெரியாத தமிழ் முஸ்லிம் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பது ஆச்சரியம்தான்.

வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். பே சிலிப் கிடையாது. வருமானத்தை எப்படிக் காட்டுவது?

நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். மூடாதீர்கள். தினக்கூலி, சொந்தத் தொழில், வீட்டு வேலை என்று இருப்பவர்களுக்கு வருமான உறுதிக் கடிதம் உண்டு. கம்போங் தலைவரோ சட்டமன்ற உறுப்பினர் சேவை மையமோ உறுதிப்படுத்தலாம். சில இடங்களில் சத்தியப் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள், அதை ஆணையர் முன் கையெழுத்திட்டு வாங்கலாம். அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால் அந்தப் பதிவின் பிரதியே பாதி வேலையை முடித்துவிடும். பி40 என்பது 2022 கணக்கெடுப்பின்படி மாதக் குடும்ப வருமானம் சுமார் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழ் இருந்த குடும்பங்கள். அப்பா, அம்மா சம்பளம் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

இதையும் கவனியுங்கள்: யூபியூவில் பி40, ஓகேயூ (மாற்றுத்திறனாளி), ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மாணவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. வருமான விவரத்தை வெறுமனே விட்டால் அந்த வழிக்குள் பிள்ளையின் பெயர் போகவே போகாது. ஏழை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு 'சும்மா' ஒரு பெரிய தொகை எழுதிவைத்த அப்பாவையும் பார்த்திருக்கிறோம். ஐயா, அந்தப் பத்தியை மானத்தோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

என் மகனுக்குப் பார்வை குறைவு. பல்கலைக்கழகம் ஏற்குமா?

ஏற்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வியில் அவர்களுக்கு உள்ள உரிமையைச் சொல்கிறது. உயர்கல்வி அமைச்சும் உயர்கல்விக்கூடங்களுக்கென உள்ளடக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு வளாகத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் நிறைய.

தொடக்கம் ஓகேயூ அட்டை. சமூகநலத் துறையில் பதிய வேண்டும். கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என்று ஏழு பிரிவுகள் உள்ளன. டிஸ்லெக்சியா கற்றல் பிரிவில் வரும். 'அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள், கல்யாணத்துக்குப் பிரச்சினையாகும்' என்று பயந்து படிவம் 5 வரை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தின் விலையைப் பிள்ளைதான் கட்டுகிறது. அட்டை இருந்தால் எஸ்பிஎம்மிலேயே கூடுதல் நேரம், பெரிய எழுத்துத் தாள், பிரெய்ல், எழுதித் தருபவர் போன்ற ஏற்பாடுகளைப் பள்ளி வழியாகக் கேட்கலாம். தேர்வுக்குப் பதியும்போதே கேட்க வேண்டும், தேர்வு வாரத்தில் கேட்டால் நடக்காது.

அப்புறம், அரசு உயர்கல்விக்கூடங்களில் படிக்கும் ஓகேயூ மாணவர்களுக்கு பிகேஓகேயூ என்ற நிதியுதவி இருக்கிறது. கல்விக் கட்டணத்தோடு மாதம் 300 ரிங்கிட் கைச்செலவுக்கும் வருகிறது. இது கடன் அல்ல.

இடத்தை ஏற்றுக்கொள்ளும் முன் வளாகத்தை நேரில் போய்ப் பாருங்கள். பினாங்கிலுள்ள யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மிண்டன் வளாகம் மேடும் பள்ளமுமானது. சக்கர நாற்காலியில் போகும் பிள்ளை விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு எப்படிப் போகும், நூலகத்தில் லிஃப்ட் எங்கே, வளாகப் பஸ்ஸில் ஏற முடியுமா என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். மாணவர் விவகாரப் பிரிவுக்கு முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பி, 'என் பிள்ளைக்குத் தரைத்தள அறை வேண்டும், பாடக் குறிப்பு முன்னதாகவே டிஜிட்டலில் வேண்டும்' என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது மறந்துபோகும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு பினாங்கின் செயின்ட் நிக்கோலஸ் இல்லமும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் நல்ல தொடக்க இடங்கள்.

பிள்ளைக்குச் சிவப்பு அடையாள அட்டை. பல்கலைக்கழகம் போக முடியுமா?

சிவப்பு அட்டை நிரந்தரவாசிகளுக்கு உரியது, யூபியூவோ குடிமக்களுக்கு மட்டுமே. ஆகவே முதல் வேலை குடியுரிமை. அம்மா அப்பா திருமணத்தைப் பதியாதது, பிறப்பைத் தாமதமாகப் பதிந்தது, தத்தெடுத்ததற்குப் பத்திரம் இல்லாதது ஆகியவை நம் சமூகத்தில் அடிக்கடி பார்க்கும் காரணங்கள். அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் வயது குறைந்தவர்களுக்கு விண்ணப்பிக்கலாம். 18 வயது ஆகும் முன்பே, முடிந்தால் 12 வயதில் மைகார்டு எடுக்கப் போகும்போதே, தேசியப் பதிவுத் துறையில் விஷயத்தைக் கிளப்பிவிடுங்கள். முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். எஸ்பிஎம் முடித்துவிட்டு ஓடினால் காலம் கடந்துவிடும். இதில் உதவிய அனுபவமுள்ள டிஹெச்ஆர்ஆர்ஏ போன்ற அமைப்புகளை அணுகுங்கள். ஏஜெண்டுகளிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பணுமா?

யூஎஸ்எம்மில் மருத்துவம் கிடைத்தால்கூட வகுப்பு பினாங்கில் இல்லை, கிளந்தானின் குபாங் கெரியானில். தூரம் இருக்கத்தான் செய்யும். விடுதியில் பெண்களுக்குத் தனிக் கட்டடம், காவல், நேரக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. முதல் பருவம் முடியும்வரை வாரம் ஒரு வீடியோ அழைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அதிகக் கவலை ஆண் பிள்ளைகளைப் பற்றித்தான். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெண்களே எண்ணிக்கையில் அதிகம். விண்ணப்பம் நிரப்ப வரும் வரிசையிலும் அக்கா தங்கச்சிகள்தாம் நிற்கிறார்கள். தம்பி எங்கே என்று கேட்டால் 'ஃபூட் பாண்டா ஓட்டுறான்' என்று பதில் வருகிறது. கையில் தினமும் காசு பார்த்த பையனைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவருவது கஷ்டம். அடுத்த பதில் அவர்களுக்கு.

படிப்பு ஏறவில்லை, கைவேலை நன்றாக வரும். என்ன செய்யலாம்?

தொழிற்கல்வியைத் தோல்வியடைந்தவர்களின் இடம் என்று பார்ப்பதை நிறுத்தலாம். பினாங்கின் தொழிற்சாலைகள் கேட்பது இவர்களைத்தான். பாலிடெக்னிக் டிப்ளோமா, சமூகக் கல்லூரிச் சான்றிதழ், எஸ்கேஎம் திறன் சான்றிதழ் என்று பல படிகள் உள்ளன. நம் மாநிலத்திலேயே சிபெராங் பிறையிலும் பாலிக் பூலாவிலும் பாலிடெக்னிக்குகள் உண்டு. பாயான் லெப்பாஸில் 1989லிருந்து இயங்கும் பிஎஸ்டிசி என்ற திறன் பயிற்சி மையம் தொழிற்சாலைகளோடு சேர்ந்தே பயிற்சி கொடுக்கிறது. இந்த வழியில் போனால் பட்டம் கிடையாது என்பதும் தவறு. யூடெம், யூனிமேப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் டிப்ளோமா முடித்தவர்களை எடுத்துக்கொள்கின்றன.

எனக்கு 38 வயது. எஸ்பிஎம்மோடு நின்றுவிட்டேன். இனி படிக்க முடியுமா அக்கா?

தாராளமாக. வேலை அனுபவத்தை நுழைவுத் தகுதியாக ஏற்கும் ஏபெல் என்ற முறை இருக்கிறது. பட்டப்படிப்புக்கு 21 வயது கடந்திருக்க வேண்டும், ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும், நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். பதினைந்து ஆண்டு கிளினிக் கவுண்டரில் இருந்தவர், பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தவர் போன்றோருக்குச் சொல்ல நிறைய இருக்கும். சம்பளச் சீட்டு, முதலாளி கடிதம், பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

ஜார்ஜ்டவுன் சுல்தான் அகமட் ஷா சாலையில் உள்ள வாவாசான் திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கானது. யூஎஸ்எம்மும் 1971லிருந்து தொலைதூரக் கல்வி நடத்திவருகிறது, நாட்டில் அதுதான் முதல். 38 வயதில் சேர்ந்தால் முடிக்கும்போது 43 ஆகிவிடுமே என்றால், சேராவிட்டாலும் 43 ஆகத்தான் போகிறது.

தனியார் கல்லூரி ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து 'உபகாரச் சம்பளம்' தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

அது பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடி. படிப்பின் பெயரை எம்கியூஏ பதிவேட்டில் தேடுங்கள். கல்லூரி பதிவானது என்பது போதாது, அந்தப் படிப்பு அங்கே இருக்க வேண்டும். மொத்தக் கட்டணத்தைக் கடைசிப் பருவம் வரை எழுத்தில் கேளுங்கள். அன்றைக்கே முன்பணம் கேட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சேர்ந்த பிறகு பிள்ளை 'எனக்கு இங்கே பிடிக்கவில்லை, வந்துவிடுகிறேன்' என்கிறான்.

வகுப்பில் தமிழ் பேசும் முகம் ஒன்றுகூட இல்லாத துறைகள் உண்டு. உணவகத்தில் சைவச் சாப்பாடு என்றால் சோறும் முட்டையும் மட்டும் என்ற வளாகங்களும் உண்டு. முதல் ஆறு வாரம்தான் கடினம். அங்குள்ள இந்திய மாணவர் மன்றத்தில் சீனியர்களைத் தேடச் சொல்லுங்கள். பழைய வினாத்தாளிலிருந்து வாடகை அறை வரை அவர்களிடம் கிடைக்கும்.

உடல்நிலை, குடும்பச் சூழ்நிலை, மனச்சோர்வு என்றால் படிப்பை ஒரு பருவத்துக்கு ஒத்திவைக்க முறைப்படி விண்ணப்பிக்கலாம். சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள், கடன் மட்டும் மிஞ்சும். பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்ப்பது இலவசம்.

விண்ணப்பம் நிரப்ப நேரில் யாராவது உதவுவார்களா?

முதலில் பள்ளி ஆலோசக ஆசிரியர். 1982லிருந்து இயங்கும் ஸ்ரீ முருகன் நிலையத்தின் உள்ளூர் வகுப்புகள், இடபிள்யூஆர்எஃப் என்ற கல்வி, சமூகநல அமைப்பின் கிளைகள், சட்டமன்ற உறுப்பினர் சேவை மையங்கள் ஆகியவற்றிலும் கேட்கலாம். எங்கே போனாலும் பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள், அம்மா மட்டும் வந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியாது. கையில் மைகார்டு, பிறப்புப் பத்திரம், முடிவுத் தாள், புறப்பாடப் புள்ளி, பெற்றோர் வருமான ஆவணம் இருக்கட்டும். மின்னஞ்சல் பாஸ்வேர்டையும் மறக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள்.